மூன்றாம் படிப்பு

அத்தியாயம் பதினொன்று

கையெழுத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.

மாமனாரின் கையைத் தன் மடிமேல் வைத்து மருமகள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அடிக்கடி வெட்ட வேண்டியிருந்தது. கொஞ்சம் வளரவிட்டாலும் தூக்கத்தில் சொறிந்து தோலைக் கிழித்துக்கொண்டுவிடுவார். காலையில் விரிப்பில் மெல்லிய சிவப்புக் கோடுகள் இருக்கும். அதையும் அவள்தான் துவைக்க வேண்டும்.

"ஒட்ட வெட்டாதே. கவர் பிரிக்க நகம் வேணும்."

"கவரை நான் பிரிச்சுத் தர்றேன் மாமா."

"நீ பிரிச்சா உள்ள இருக்கிறதையும் சேர்த்துக் கிழிப்ப. டியூப் கழுவுற கைதானே, வேற எப்படி இருக்கும்?"

அவள் அடுத்த விரலைப் பிடித்தாள். பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். உடம்பிலிருந்து எடுத்து வரும் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி டாக்டரின் மேசைக்கு அனுப்புவது அவள் வேலை. மாமனாருக்கு அது டியூப் கழுவுவது. சொந்தக்காரர்களிடமும் அப்படியே சொல்லிவைத்திருந்தார். விசேஷ வீடுகளில் யாராவது, "நீதானே அந்த டியூப் கழுவுற மருமக?" என்று பிரியமாகவே கேட்பார்கள்.

ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளை, முட்டையின் மஞ்சளாக மாறியிருந்தது. போன வாரம் இவ்வளவு இல்லை.

"என்ன அப்படிப் பார்க்கிற?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"ஒண்ணும் இல்லாததைப் பார்க்கிறதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க உனக்கு?"

பெரியவரைக் கடைவீதியில் தராசுக்காரர் என்பார்கள். ஆய்வகங்களில் பயன்படும் நுண்தராசுகளை விற்றும் பழுது பார்த்தும் ஒற்றை ஆளாக மேலே வந்தவர். முள் ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் தராசைத் திருப்பி அனுப்பிவிடுவார். காகிதமும் அவருக்கு அப்படித்தான். எதுவானாலும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ஒரு படிப்புக்கும் அடுத்த படிப்புக்கும் நடுவே ஒரு வாரம் ஆறவிட வேண்டும். ஒரு பிழை கண்ணில் பட்டுவிட்டால், திருத்தி வருவது புதுக் காகிதம். மறுபடி முதல் படிப்பு. மகனின் கல்யாணப் பத்திரிகையை இப்படிப் படித்துப் படித்தே தாமதமாக்கினார். கல்யாணம் முடிந்த மறுநாள் பத்திரிகை கிடைத்தவர்கள் இன்றைக்கும் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இப்போது அவர் படிப்பது உயில்.

வீடும் பின்னாலிருக்கும் பட்டறையும் பல்கலைக்கழகத்துக்கு. அதை வைத்து, பெண்களின் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு அவர் பெயரில் ஓர் உதவித்தொகை. புது ஆய்வகக் கட்டடத்தின் முன்வாசலில் அவர் பெயர். மகனுக்குக் கடைச் சரக்கு. மகளுக்குச் செய்ய வேண்டியதைக் கல்யாணத்திலேயே செய்தாயிற்று. உயிலை எழுதும் பொறுப்பு வக்கீல் மாப்பிள்ளைக்கு. வெளி வக்கீல் என்றால் காசு கேட்பான்.

அந்தக் கஞ்சத்தனம்தான் குடும்பத்துக்கு வழிவிட்டது.

ஏழு வாரங்களுக்கு முன்னால் டாக்டர் மகனையும் மாப்பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அன்று மாலை இதே வீட்டுச் சமையலறையில் நான்கு பேர் கூடினார்கள். மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை. பெரியவரிடம் கல்லீரலில் வீக்கம் என்று சொல்லியிருந்தது. அதை அப்படியே விட்டுவிடுவது என்று தீர்மானமாயிற்று. விஷயம் தெரிந்தால் பதறிப்போய் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார். தெரியாதவரைக்கும் அவர் மூன்று முறை படிப்பார். ஆறவிடுவார். வாரங்கள் போகும். வாரங்கள்தான் அவரிடம் இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் வீக்கம் என்பதைத் தவிர வேறு சொல் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போதுகூட.

மாப்பிள்ளை ஒவ்வொரு பிரதியிலும் ஒரு பிழை வைத்தார். முதலில் பட்டறையின் பரப்பளவு. அடுத்தது பெரியவரின் பிறந்த வருடம். பிறகு வீடு வாங்கிய தேதி. பெரியவர் ஒவ்வொன்றையும் பிடித்தார். பிடித்த அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, "நம்ம மாப்பிள்ளை படிச்சுப் பட்டம் வாங்கின லட்சணத்தைக் கேளு" என்று சிரித்தார். பக்கத்தில் நின்று குடும்பமும் சிரித்தது.

நான்காவது பிரதிதான் புரியாத புதிராக இருந்தது. முதல் படிப்பில் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் படிப்பிலும் வாய் திறக்கவில்லை. இன்று மூன்றாம் படிப்பு.

"கண்ணாடியை எடுத்துக் குடுத்துட்டுப் போ," என்றார் பெரியவர். "தலைமாட்டுல நின்னா எனக்குப் படிக்க வராது."

*

மகளும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தபோது மகன் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றிருந்தான். கையைப் பிசைவது அவனுக்குச் சின்ன வயதுப் பழக்கம்.

"மச்சான், இந்தத் தடவை பிழை வைக்க மறந்துட்டீங்களா?"

"மறப்பேனா?" மாப்பிள்ளை டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். "முதல் பக்கம், மூணாவது வரி. இருக்கிறதிலேயே சுலபமானது. மூக்குக்கு நேரா வெச்சிருக்கேன்."

"என்னன்னு சொல்லுங்களேன் அண்ணா," என்றாள் மருமகள்.

"வீட்டு நம்பர். பதினாலுக்குப் பதிலா நாப்பத்தொண்ணு."

நாற்பத்தொன்று எதிர்வரிசையில் இருக்கும் சலவைக்கடை. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அப்பா சலவைக்கடையைத் தூக்கி யுனிவர்சிட்டிக்குக் குடுக்கிறாரா? அடக் கடவுளே. எல்லாப் புரொபசரும் இனிமே இஸ்திரி போட்ட சட்டையோட வருவாங்க."

"மெதுவா பேசு," என்றான் மகன்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை!"

நான்கு பேரும் போனார்கள். பெரியவர் கோப்பை மூடி மடியில் வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சுட்டேன். ஒரு தப்பு இல்ல."

மகன் மாப்பிள்ளையைப் பார்த்தான்.

"என்ன முழிக்கிறீங்க? நல்ல வார்த்தை சொன்னா நம்ப முடியலையா? மூணு தடவை முகத்துல விட்டெறிஞ்சேன் பாருங்க, அதுக்கப்புறம்தான் தொழில் வந்திருக்கு உங்களுக்கு. என்கிட்ட ஒரு வருஷம் இருந்தா ஜட்ஜே ஆயிடுவீங்க." அவர் மூச்சு வாங்கினார். "சாயங்காலம் நாலு மணிக்குக் கையெழுத்து. யுனிவர்சிட்டி அம்மாவுக்குச் சொல்லியாச்சு. சாட்சிக்கு மருந்துக்கடைக்காரரும் எதிர்வரிசை சலவைக்காரரும் வர்றாங்க."

"சலவைக்காரரா?" என்றாள் மகள். குரல் கீச்சிட்டது.

"ஏன், அவனுக்கென்ன குறைச்சல்? சொன்ன நேரத்துக்கு வர்றவன். உங்களை மாதிரியா?"

மகள் இருமுவதுபோலப் பாவனை செய்துகொண்டு உள்ளே ஓடினாள்.

சமையலறைக்குத் திரும்பியதும் மகன் சுவரில் சாய்ந்துவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை.

"போச்சு மச்சான். எல்லாம் போச்சு. இந்த வீட்டை விட்டா நான் எங்க போவேன்? பாப்பாவுக்கு அடுத்த வருஷம் காலேஜ்."

மாப்பிள்ளை பிஸ்கட்டை மென்று முடித்தார். தண்ணீர் குடித்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"ஏன் போகணும்? போடட்டுமே கையெழுத்து."

"என்ன சொல்றீங்க?"

"உயில்ல இருக்கிறது நாப்பத்தொண்ணு. அது இவரோடது இல்ல. பதினாலைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. நாளைக்கு யுனிவர்சிட்டி கோர்ட்டுக்குப் போகும். போகட்டும். நான் எதுக்குக் கறுப்புக் கோட்டு போட்டிருக்கேன்? வாய்தா வாங்கி வாங்கியே அவங்களை ஓட வெச்சுடுவேன். வெறுத்துப்போய் வர்றது வரட்டும்னு சமாதானத்துக்கு வருவாங்க." அவர் இன்னொரு பிஸ்கட்டைத் தேடினார். "நாம வைக்கிற பிழையை அவர் பிடிக்கணும்னு வேண்டிக்கிட்டு இருந்தோம். பிடிக்காம விட்டது அதைவிட நல்லது."

மகனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

மருமகள் மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போன வார இரத்த அறிக்கையை அவள் பார்த்திருந்தாள். பித்தம் இறங்காமல் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால் மூளை மங்கும். வாசித்த வரி மனத்தில் நிற்காது. எண்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் நாற்பது வருடம் குடியிருந்த வீட்டின் எண்ணை அந்த மனிதர் மூன்று முறை தாண்டிப் போயிருக்கிறார்.

"அவருக்குப் படிக்கிறது மண்டையில ஏறலை அண்ணா. அவ்வளவு முத்திடுச்சு."

"அதைத்தான்மா நானும் சொல்றேன்."

"இல்ல, ஒரு மனுஷன்…"

"இந்தாடி," என்றாள் நாத்தனார். அவள் ஏற்கெனவே ஜன்னல் திரைகளை அளக்கும் பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்னை அவர் என்ன பேச்சு பேசுறார்? நாங்களெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம். நீ எதுக்கு இப்ப மூக்கைச் சிந்துற? நாளைக்கு இந்த வீட்டுல கால் நீட்டிப் படுக்கப் போறது நீதான்."

"பாதி வீட்டுல," என்று மாப்பிள்ளை திருத்தினார்.

*

மதியம் கஞ்சி ஊட்டும்போது கூடத்தில் வேறு யாரும் இல்லை. நான்கு கரண்டி உள்ளே போயிற்று. ஐந்தாவதற்குத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"மாமா, நம்ம வீட்டு நம்பர் என்ன?"

"பதினாலு. ஏன், சம்பளம் வாங்கிட்டு வேற வீட்டுக்குப் போயிடுறியா?"

கேட்டால் உடனே வந்துவிடுகிறது. எழுத்தில்தான் காணாமல் போகிறது. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முதல் பக்கத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அந்த யுனிவர்சிட்டிக்கு நான் முப்பது வருஷம் பின்வாசல் வழியா போயிருக்கேன், தெரியுமா? தராசுப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு. முன்வாசல்ல வாட்ச்மேன் விடமாட்டான். உள்ள போனா எல்லாரும் நாற்காலியில உட்கார்ந்திருப்பாங்க. நான் நின்னுக்கிட்டே ரிப்பேர் பார்ப்பேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், உட்காருங்கன்னு சொன்னது இல்ல. இப்ப அதே ஆளுங்க என் பேருக்குக் கீழ குனிஞ்சு போகணும்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மஞ்சளாகத் தெரிந்தது. அந்த ஒரு கணம் அவள் அவரைப் புரிந்துகொண்டாள். அவளும் அந்தப் பின்வாசலைப் பார்த்திருக்கிறாள். பட்டம் வாங்கிய கையோடு அங்கே ஆராய்ச்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் இரண்டு வருடக் கட்டணத்துக்காக இவர் முன்னால் வந்து நின்றாள். இதே கூடம், இதே நாற்காலி. இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "படிச்சுக் கிழிச்சது போதும். போய் வேலை ஏதாவது இருந்தா பாரு" என்றார். அவள் வேலை பார்க்கப் போனாள்.

"மாமா," என்றாள், "அந்தக் காகிதத்துல…"

"அதுல உனக்கு என்ன? உனக்கு ஒண்ணும் எழுதலையேன்னு வயிறு எரியுதா?" கண் துடைத்த கையாலேயே அவளைச் சுட்டிக் காட்டினார். "நீங்க நாலு பேரும் சமையலறையில கூடிக் கூடிப் பேசுறது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. கிழவன் எப்பப் போவான்னு பார்க்கிறீங்க. போகமாட்டேன். வீக்கம்தானே, வத்திடும். இன்னும் பத்து வருஷம் இந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பேன். நீ நகம் வெட்டிக்கிட்டே இருப்ப."

அவள் துண்டால் அவர் வாயைத் துடைத்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

*

பல்கலைக்கழகத்து நன்கொடைப் பிரிவு அதிகாரி சரியாக நேரத்துக்கு வந்தாள். நடுவயது, பருத்திப் புடவை, கையில் பூங்கொத்து. பெரியவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும் அளவுக்கு இளைத்திருந்தார். மருந்துக்கடைக்காரரும் சலவைக்காரரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் சலவைக்காரரைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

மருமகள் டீ கொண்டுவந்தாள்.

"உயிலுக்குள்ள என்ன இருக்குன்னு நாங்க பார்க்கிற வழக்கம் இல்ல ஐயா," என்றாள் அதிகாரி. "உங்க மனசு எங்களுக்குத் தெரிஞ்சா போதும். ஆனா ஒண்ணு கேட்கணும். எங்க இதழ்ல போடறதுக்கு. பெண்களோட ஆராய்ச்சிக்குன்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எத்தனை பொண்ணுங்கம்மா, நல்லா படிக்கிறாங்க. கல்யாணம்னு ஒண்ணு ஆனதும் அடுப்படியில முடங்கிப் போயிடுறாங்க. வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கு அந்தப் படிப்போட அருமை தெரியறதில்ல. அதைப் பார்க்கும்போது நெஞ்சு பொறுக்கறதில்ல."

நடிப்பு இல்லை. குரல் உண்மையாகவே தழுதழுத்தது. அதிகாரி எழுதிக்கொண்டாள். மகன் தரையைப் பார்த்தான்.

"உங்க மருமக என்ன பண்றாங்க ஐயா?"

"ஆஸ்பத்திரியில டியூப் கழுவுறா."

சலவைக்காரர் மரியாதைக்குச் சிரித்தார்.

"எனக்கும் உங்க பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சது மேடம்," என்றாள் மருமகள். தட்டு இன்னும் கையில் இருந்தது. "ஆராய்ச்சிக்கு."

"அப்படியா! ஏன் சேரலை?"

அவள் மாமனாரைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். அவர் புருவத்தைச் சுருக்கி நேர்மையாக யோசித்தார்.

"இவளுக்கா? எப்ப?"

"கல்யாணமான புதுசுல. உங்ககிட்ட வந்து கேட்டேன் மாமா."

"ஓ… நாம வேன் வாங்கின வருஷமா? ஆமா, ஏதோ கேட்ட. பணம் முடையா இருந்தது." முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. நினைவு வந்துவிட்ட திருப்தி மட்டும் இருந்தது. "சரி, அது எதுக்கு இப்போ? அம்மாவுக்குச் சர்க்கரை போதுமான்னு கேளு."

அவளை ஒரு நாள் உட்காரவைத்துத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் அதை மறந்தே போயிருந்தார்.

"சர்க்கரை போதுமா மேடம்?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பெரியவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பல்கலைக்கழகத்தைப் பற்றியும் கவலை இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டு, தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து அவர் நிம்மதியாகச் சாவார். அந்த நிம்மதியைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

"மாமா, முதல் பக்கம் மூணாவது வரியை ஒரு தடவை படிச்சுட்டுப் போடுங்க."

மாப்பிள்ளையின் தலை சட்டென்று திரும்பியது.

"அதெல்லாம் மூணு படிப்பு முடிஞ்சாச்சு. நீ யாரு சொல்றதுக்கு?"

"சத்தமா படிங்க மாமா. எல்லாரும் கேட்கட்டும்."

பெரியவர் எரிச்சலோடு முதல் பக்கத்தை இழுத்தார். விரலை வைத்து வரியைத் தேடினார். "இதே தெருவில்… கதவு எண்… நாற்பத்தொன்றில்… அமைந்துள்ள எனது சொந்த…"

நின்றார்.

"அது என் கடைங்க ஐயா," என்றார் சலவைக்காரர்.

மகளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. பெரியவர் மறுபடி படித்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. மூன்றாவது முறை விரலை எண்ணுக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டார். நெற்றியில் வியர்த்தது.

"மூணு தடவை படிச்சேன்," என்றார் யாரிடம் என்றில்லாமல்.

"மூணு தடவையும் விட்டுட்டீங்க மாமா."

வேண்டுமென்றேதான் சொன்னாள். அவர் முகம் அப்படிச் சுருங்கியதை அவள் இத்தனை வருடங்களில் பார்த்ததில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"டைப் பண்ணும்போது மாறியிருக்கு," என்றார் மாப்பிள்ளை. அவர் சுதாரித்துக்கொண்டுவிட்டார். "என் மேலதான் தப்பு மாமா. மன்னிச்சுக்குங்க."

"சின்ன விஷயம்தானே ஐயா," என்றாள் அதிகாரி. "பேனாவாலேயே அடிச்சுத் திருத்தி, பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டா செல்லுமே?"

பெரியவர் நிமிர்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய முகம் திரும்பி வந்தது.

"அடிச்சுத் திருத்தின காகிதத்துலயா? என் பேரு அந்த வாசல்ல இருக்கப் போகுது. அது அடித்தல் திருத்தலோட ஆரம்பிக்கிறதா? கூடாது." பேனாவை மூடினார். "மாப்பிள்ளை, புதுசா எடுத்துட்டு வாங்க. முதல் படிப்பிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

"ஆகட்டும் மாமா. பொறுமையாவே பார்க்கலாம்."

"எனக்கென்ன அவசரம்? மூணு வாரம். அவ்வளவுதானே?"

"உங்க சௌகரியம்தான் ஐயா," என்றாள் அதிகாரி, கைப்பையை மூடிக்கொண்டே. "நாங்க எவ்வளவு நாள் வேணும்னாலும் காத்திருப்போம்."

மாப்பிள்ளை காகிதங்களைச் சேர்த்தார். மகன் நெடுநேரமாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டான். மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். எல்லோரும் எழுந்தார்கள். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் ஒரே நிம்மதி. பெரியவருக்கும்கூட. அவர் பூங்கொத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

மருமகள் தட்டை மேசைமேல் வைத்தாள்.

"மூணு வாரம் கிடையாது மாமா."

"என்னது?"

"உங்களுக்கு. மூணு வாரம் கிடையாது."

"ஏய்," என்றான் கணவன். இத்தனை வருடத்தில் அவளை அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. தலையை வேகமாக, வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினான். அவன் கண்ணில் பாப்பா தெரிந்தாள், அவள் படிப்பு தெரிந்தது, வீடு தெரிந்தது. எல்லாம் அவளுக்கும் தெரிந்தது.

"நீ உள்ள போ," என்றாள் நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு. "டாக்டர் அம்மா வந்துட்டாங்க, நாள் குறிக்க."

"என்னடா சொல்றா இவ?" பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் கையைப் பிசைந்தான். மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே கட்டியிருந்த நாடாவை. பெரியவர் மறுபடியும் மருமகளிடம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "நீ சொல்லு. எனக்கு என்ன?"

இந்தக் கேள்வியை அவர் இதுவரை ஒரு தடவைகூடத் தன்னிடம் கேட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆய்வகத்தில் வேலை செய்யும் மருமகள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அவளிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"கேன்சர் மாமா. கணையத்துல. உங்க உடம்பிலேர்ந்து எடுத்த துண்டைச் சீவி, சாயமேத்தி, டாக்டர் மேசையில வெச்சவ நான்தான். ஏழு வாரமா எங்க நாலு பேருக்கும் தெரியும்."